டிசபிலிட்டி அப்பீல்: எந்த நீதிபதி, எத்தனை மாதம், என்ன கேட்பார்கள்?

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி டிசபிலிட்டிக்கு, அதாவது உடம்பு முடியாமல் வேலை பார்க்க முடியாதவர்களுக்கு அரசு தரும் மாதப் பணத்துக்கு விண்ணப்பித்து, மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததும் நம்மவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். படிவம் நிரப்பிக் கொடுப்பது, கடிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்வது, இந்த மாதிரி உதவிக்குப் போகப்போக எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. டாலர் வரம்புகள் வருஷா வருஷம் மாறும். இங்கே இருப்பது 2025 கணக்கு.

எஸ்எஸ்டிஐ, எஸ்எஸ்ஐ ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. எஸ்எஸ்டிஐ நீங்கள் வேலை பார்த்தபோது சம்பளத்தில் பிடித்த சோஷியல் செக்யூரிட்டி வரிக்கு எதிராக வருவது. 1956-ல் சட்டமானது. எஸ்எஸ்ஐ 1974-ல் ஆரம்பித்தது, வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கானது. வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கையிருப்பு தனியாளுக்கு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000 டாலருக்குள் இருக்க வேண்டும். 1989-லிருந்து இந்த வரம்பைத் தொடவே இல்லை, அன்றைக்கும் இன்றைக்கும் அரிசி ஒரே விலை என்கிற நினைப்போ என்னவோ.

"உடம்பு எவ்வளவு முடியவில்லை" என்று பார்க்கிற சோதனை இரண்டுக்கும் ஒன்றுதான், நீதிபதியும் ஒருவர்தான். அதனால் கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு எஸ்எஸ்ஐ கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 1996 சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை வாங்காதவர்களுக்கு எஸ்எஸ்ஐ கிடைப்பது ரொம்பக் கஷ்டம். அங்கே தடை மருத்துவமே இல்லை.

ஊர்ல இருபது வருஷம் வேலை பார்த்தேன், இங்கே எட்டு வருஷம். ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவாங்களா?

மாட்டார்கள். சில நாடுகளோடு அமெரிக்காவுக்கு சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் உண்டு, இந்தியாவோடும் இலங்கையோடும் இல்லை. இங்கே வரி கட்டிய வருஷங்கள் மட்டும்தான். எச்-1பி வேலை விசாவில் இருந்தபோது பிடித்த வரியும் அதில் சேரும், அது வீணாகாது.

31 வயதைத் தாண்டியவருக்கு, உடம்பு முடியாமல் போவதற்கு முந்தைய 10 வருஷத்தில் 5 வருஷ வேலையாவது இருக்க வேண்டும். அது போக, வயதைப் பொறுத்து மொத்தமாகவும் ஒரு கணக்கு உண்டு: 50 வயதில் 7 வருஷம், 54-ல் 8, 62-ல் 10. ஆக 52 வயதில் படுத்துவிட்ட ஒருவருக்கு இங்கே தொடர்ந்து பார்த்த 8 வருஷமே போதும்.

முதல் தடவையே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதானா?

முதல் முடிவை எடுப்பது மாநில அரசின் ஒரு அலுவலகம், அதுவும் காகிதத்தை மட்டும் பார்த்து. பத்தில் ஆறு பேருக்கு மேல் அங்கேயே தள்ளுபடி. அப்புறம் மறுபரிசீலனை என்று ஒரு கட்டம்: அதே அலுவலகத்தில் வேறொருவர் அதே ஃபைலைப் புரட்டுவார். நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான் தேறுவார்கள். அதற்கும் மேலே போனால்தான் நிர்வாகச் சட்ட நீதிபதி முன்னால் ஹியரிங், அதாவது விசாரணை. உங்களை ஒரு மனிதர் பார்த்து, நீங்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பது இங்கேதான் முதல் தடவை. ஏறக்குறைய பாதிப் பேர் இங்கே ஜெயிக்கிறார்கள்.

அங்கும் இல்லையென்றால் அப்பீல்ஸ் கவுன்சில், பிறகு ஃபெடரல் கோர்ட். ஒவ்வொரு கட்டத்துக்கும் 60 நாள் கெடு, தபாலுக்கு 5 நாள் சேர்த்துக்கொள்வார்கள். கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு டிராயரில் போட்டவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அப்பீல் எதுக்கு? புதுசா இன்னொரு விண்ணப்பம் போட்டா சீக்கிரம் முடியுமே?

முடியாது. திரும்ப முதல் படியிலிருந்து வருவீர்கள், அதே அலுவலகம் அதே காரணம் சொல்லும். அதைவிடப் பெரிய நஷ்டம் தேதி. எஸ்எஸ்டிஐயில் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் 12 மாதம் வரைதான் பழைய பாக்கி தருவார்கள். பழைய விண்ணப்பத்தைக் கைவிட்டால் அந்தத் தேதியும் போகும். எஸ்எஸ்ஐயில் முன்தேதியிட்ட பாக்கியே கிடையாது, விண்ணப்பித்த பிறகுதான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வேலையை விட்டுச் சுமார் 5 வருஷத்தில், வரி கட்டியதால் கிடைத்த எஸ்எஸ்டிஐ காப்பீட்டுக் காலம் முடிந்துவிடும். அந்தக் கடைசித் தேதிக்கு முன்பே உடம்பு முடியாமல் போனதாக நிரூபிக்க வேண்டும். 2019-ல் வேலையை விட்டவர் இரண்டு தடவை புதுசு புதுசாக விண்ணப்பித்துக்கொண்டே இருந்தால், தேதி தாண்டிய பிறகு வந்த நோய் எவ்வளவு மோசமாக இருந்தாலும் எஸ்எஸ்டிஐக்கு உதவாது.

ஹியரிங்குக்கு எவ்வளவு மாசம் ஆகும்?

2017-ல் சராசரி 600 நாளைத் தாண்டியது, வரிசையில் 11 லட்சம் பேருக்கு மேல் நின்றார்கள். பிறகு வரிசை நன்றாகக் குறைந்து, 2024 வாக்கில் சராசரி ஒரு வருஷத்துக்குள் வந்துவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகமே ஒவ்வொரு ஹியரிங் அலுவலகத்துக்கும் சராசரி எத்தனை மாதம் என்று வெளியிடுகிறது. உங்கள் ஊர் அலுவலகத்தைத் தேடிப் பாருங்கள், பக்கத்து மாநிலத்து மச்சான் சொன்ன கணக்கு உங்களுக்கு ஆகாது.

அந்த எண்ணைப் படிக்கும்போது ஒரு கவனம். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது நீங்கள் ஹியரிங் கேட்ட நாளிலிருந்து. முதல் விண்ணப்பத்துக்கு ஆன ஏழெட்டு மாதமும், மறுபரிசீலனைக்கு ஆன மாதங்களும் அதில் சேராது. முடிவதும் ஹியரிங் நடந்த நாளோடு. தீர்ப்புக் கடிதம் வர இன்னும் ஒன்றிரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து தீர்ப்பு வரை இரண்டு வருஷம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டால் ஏமாற்றம் குறைவு. நாள் குறித்தால் 75 நாள் முன்னதாக நோட்டீஸ் வரும்.

சீக்கிரம் கொண்டுவர வழியே இல்லையா?

இருக்கிறது, எல்லாருக்கும் இல்லை. உயிருக்கு ஆபத்தான நோய், பணிக்காலத்தில் காயம்பட்ட ராணுவத்தினர், சாப்பாடு, மருந்து, தங்க இடம் எதுவும் இல்லாத நிலை, இவற்றுக்கு முன்னுரிமை உண்டு. வாடகை பாக்கி என்று சும்மா சொன்னால் போதாது; வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், மின்சாரம் துண்டிக்கும் கடிதம், இப்படிக் காகிதமாகக் காட்ட வேண்டும்.

ஃபைலே பேசும் அளவுக்கு மருத்துவ ஆதாரம் இருந்தால், ஹியரிங் இல்லாமலே தீர்ப்பு கொடுங்கள் என்று வக்கீல் எழுதிக் கேட்கலாம். உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பதையும் சொல்வார்கள். ஃபைல் எங்கே கிடக்கிறது என்று அவர்களால் கேட்டுச் சொல்ல முடியும், நீதிபதியின் மனதை மாற்ற முடியாது.

காத்திருக்கிற காலத்துல கொஞ்சம் வேலை பார்க்கலாமா?

மாதம் 1,620 டாலருக்கு (2025 வரம்பு) மேல், அதுவும் வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையாகச் சம்பாதித்தால், மருத்துவத்தைப் பார்க்காமலே முதல் படியில் தள்ளிவிடுவார்கள். அதற்குக் கீழே என்றால் தடை இல்லை, ஆனால் ஹியரிங்கில் கட்டாயம் கேட்பார்கள். கையில் காசாக வாங்கினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். முயன்று பார்த்து உடம்பு ஒத்துழைக்காமல் ஆறு மாதத்துக்குள் விட்ட வேலை உங்களுக்குப் பாதகம் இல்லை, அதையும் சொல்லுங்கள்.

அக்கா, எங்க ஜட்ஜோட அப்ரூவல் ரேட் 31 பர்சென்ட்னு போட்டிருக்கு. எங்க வாய்ப்பும் அவ்வளவுதானா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு வரும். நீதிபதிகள் ஒவ்வொருவரும் எத்தனை வழக்கு முடித்தார், எத்தனை கொடுத்தார், எத்தனை மறுத்தார் என்று நிர்வாகம் பெயரோடு வெளியிடுகிறது. அதை எடுத்துச் சதவீதமாக்கித்தான் மற்ற தளங்கள் போடுகின்றன. 20-க்குக் கீழே உள்ளவர்களும் உண்டு, 80-க்கு மேலே உள்ளவர்களும் உண்டு.

இது வெறும் எண், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது உண்மை இல்லை. ஒரே அலுவலகத்தில் வழக்குகளை முறை வைத்துத்தான் பங்கிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான வழக்கு பார்த்த இரண்டு பேரில் ஒருவர் 30, இன்னொருவர் 65 என்றால் அந்த வித்தியாசம் வழக்குகளால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது. ஆள் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது, அதுதான் நிஜம். அதே சமயம் அந்த 31 எல்லா வயதும், எல்லா நோயும், வக்கீல் வைத்தவர் வைக்காதவர், ஆறு மாதமாக டாக்டரிடமே போகாதவர் எல்லாம் கலந்த சராசரி. 57 வயதில் முதுகு ஆபரேஷன் இரண்டு முடிந்து, பழைய வேலை மூட்டை தூக்குவது என்றால், விதிகளே உங்கள் பக்கம் சாய்கின்றன. 50 தாண்டினால் ஒரு தளர்வு, 55 தாண்டினால் இன்னொன்று. அந்த வழக்கில் கடுமையான நீதிபதிக்கும் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். 34 வயதில் எம்ஆர்ஐ சுத்தமாக இருக்கிற வழக்குக்கு 65 சதவீத நீதிபதி வந்தாலும் அது தானாக நடந்துவிடாது.

குறைந்த சதவீத நீதிபதி வந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: அவருடைய பழைய தீர்ப்புகளில் எதைக் காரணம் காட்டி மறுக்கிறார் என்று வக்கீலிடம் கேளுங்கள். அந்த ஊரில் வழக்காடுகிறவர்களுக்கு அது அத்துப்படி. சிகிச்சையில் இடைவெளி பார்க்கிறவரா, மாத்திரை சாப்பிடாததைப் பிடிக்கிறவரா என்று தெரிந்தால் அந்த ஓட்டையை அடைக்க நேரம் இருக்கிறது.

ஒரு இடத்துல 42 பர்சென்ட், இன்னொரு இடத்துல 53. ஒரே ஜட்ஜுக்கு எப்படி ரெண்டு?

வகுக்கும் எண் வேறு. கற்பனையாக ஒரு நீதிபதி வருஷத்தில் 400 வழக்கை முடித்ததாக வைத்துக்கொள்வோம். 170 பேருக்குக் கொடுத்தார், 150 பேருக்கு மறுத்தார், மீதி 80 தள்ளுபடி. அதாவது ஆள் ஹியரிங்குக்கே வரவில்லை, அல்லது தாங்களே வாபஸ் வாங்கிவிட்டார்கள். 170-ஐ 400-ஆல் வகுத்தால் 42.5. தீர்ப்பு சொன்ன 320-ஆல் வகுத்தால் 53. நீங்கள் கட்டாயம் ஹியரிங்குக்குப் போகப் போகிறவர் என்பதால் இரண்டாவதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

இன்னும் இரண்டு பொறி. அவர்கள் வருஷம் செப்டம்பர் கடைசியில் முடியும், அதனால் அக்டோபரில் பார்க்கும் புதுவருஷக் கணக்கில் முப்பது நாற்பது வழக்குதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்புறம், கொடுத்தார் என்ற எண்ணில் பாதி வெற்றியும் அடக்கம். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

நல்ல ஜட்ஜா பார்த்து மாத்திக்க முடியுமா?

முடியாது. பாரபட்சம் என்பதற்குக் குறிப்பான ஆதாரம் இருந்தால் விலகச் சொல்லிக் கேட்கலாம். சதவீதம் குறைவு என்பது ஆதாரம் ஆகாது. நல்ல அலுவலகம் பார்த்து ஊர் மாறுகிறேன் என்று கிளம்பினால் ஃபைல் மாறவே மாதங்கள் ஆகும், வந்து விழப்போவது யார் என்பதும் தெரியாது.

எல்லாருக்கும் கொடுக்கிற நீதிபதி வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் அலுவலகத்தில் டேவிட் டாஹெர்ட்டி என்ற நீதிபதி 2010 நிதியாண்டில் 1,284 வழக்குகளை முடித்து, நான்கே நான்கில்தான் மறுத்தார். பக்கத்து கென்டக்கி வக்கீல் எரிக் கான் அவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்துவந்தது பிறகு வெளியே வந்தது. 2017-ல் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கான் நாட்டை விட்டே ஓடி ஹோண்டுராஸில் பிடிபட்டார். ஆனால் அடி வாங்கியது அந்த வக்கீலின் கட்சிக்காரர்கள். நிஜமாகவே உடம்பு முடியாதவர்கள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், வருஷக்கணக்கு கழித்துத் தங்கள் நோயை மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியதாயிற்று.

நேர்ல போகணுமா, போன்லயே முடிச்சுக்கலாமா?

நேரில், வீடியோ, போன், மூன்றும் உண்டு. போன், வீடியோ வேண்டாம் என்றால், அந்த அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும், பிறகு கேட்டால் காரணம் கேட்பார்கள். நாற்காலியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பவர், கை நடுங்குபவர் நேரிலோ வீடியோவிலோ இருப்பது நல்லது. போனில் நடுக்கம் தெரியாது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நான் பக்கத்துல உட்கார்ந்து மொழிபெயர்க்கலாமா?

வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். ஹியரிங் கேட்கும் படிவத்திலேயே குறிப்பிடுங்கள். அம்மா "இடுப்புல சுரீர்னு இழுக்குது, விடியற வரைக்கும் தூக்கமே இல்ல" என்று சொல்வதைப் பிள்ளை "இடுப்பு வலி" என்று சுருக்கிவிடும், அதுதான் நடக்கும். வந்தவர் பேசும் தமிழ் அம்மாவுக்குப் பிடிபடவில்லை என்றால், யாழ்ப்பாணமோ நாகர்கோவிலோ, கூச்சப்படாமல் அப்போதே நீதிபதியிடம் சொல்லலாம்.

முன்பு ஆங்கிலம் பேச முடியாதது வயதானவர்களுக்குச் சாதகமாக எடைபோடப்பட்டது. 2020 ஏப்ரலோடு அதை எடுத்துவிட்டார்கள். இன்னமும் அதை நம்பிச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு, நம்ப வேண்டாம்.

ஹியரிங்ல என்னதான் கேப்பாங்க?

சினிமா கோர்ட் இல்லை. சின்ன அறை, நீதிபதி, பதிவு செய்பவர், உங்கள் வக்கீல், பெரும்பாலும் போனில் ஒரு வேலை நிபுணர். எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பழைய வேலையில் எத்தனை பவுண்டு தூக்கினீர்கள், எவ்வளவு நேரம் உட்கார முடியும், யார் சமைக்கிறார்கள், கார் ஓட்டுகிறீர்களா, ஒரு நாள் எப்படிப் போகிறது. முழுக்கப் பதிவாவதால் தலையாட்டினால் பதில் ஆகாது, வாயால் சொல்ல வேண்டும்.

நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நல்ல சட்டை போட்டு, பெரியவர்கள் முன்னால் உட்காருவது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, வலியைக் காட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "சமையல் செய்வீர்களா" என்றால் ஆமாம் என்று முடித்துவிடுவார்கள். ரசத்துக்குத் தாளித்துவிட்டு கால் மணி நேரம் படுக்கிறேன், சாதம் மருமகள் வடிக்கிறாள் என்பதைச் சொல்வதே இல்லை. கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. நடப்பதை நடக்கிற மாதிரியே சொல்லுங்கள்.

அந்த வேலை நிபுணர் எதுக்கு?

நீதிபதி அவரிடம் ஒரு கற்பனை ஆளைச் சொல்வார்: "இன்ன வயது, இன்ன படிப்பு, பத்து பவுண்டுதான் தூக்க முடியும், கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. இவருக்கு வேலை இருக்கிறதா?" அவர் இரண்டு மூன்று வேலைப் பெயரும் நாட்டில் அது எத்தனை ஆயிரம் இருக்கிறது என்றும் சொல்வார். பிறகு, "வேலை நேரத்தில் 15 சதவீதம் கவனம் போய்விடும், மாதம் இரண்டு மூன்று நாள் வரமாட்டார்" என்று சேர்த்தால், பெரும்பாலும் "அப்படியானால் வேலை இல்லை" என்பார். உங்கள் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் அந்த இரண்டு கற்பனை ஆட்களில் நீங்கள் யார் என்பதில்தான்.

அவர் பார்த்துச் சொல்லும் வேலை அகராதி 1991-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. கொட்டை பொறுக்கித் தரம் பிரிப்பவர் போன்ற வேலைகளைக் காட்டி மறுத்த காலம் உண்டு. 2024-ல் இப்படி 100-க்கும் மேற்பட்ட பழைய வேலைகளை ஒதுக்கினார்கள். அதே வருஷம் இன்னொரு நல்ல மாற்றம்: உங்கள் பழைய வேலை என்று 15 வருஷம் பின்னால் போய்ப் பார்த்ததை 5 வருஷமாகக் குறைத்தார்கள். பத்து வருஷம் முன்னால் பார்த்த ஆபீஸ் வேலையைக் காட்டி இனி மறுக்க முடியாது.

டாக்டர் "இவரால வேலை செய்ய முடியாது"ன்னு லெட்டர் கொடுத்தா போதாதா?

போதாது. 2017 மார்ச் 27-லிருந்து போட்ட விண்ணப்பங்களில் அந்த வரிக்கு மதிப்பே கிடையாது, அதை முடிவு செய்வது நிர்வாகத்தின் வேலை என்று விதியிலேயே இருக்கிறது. டாக்டர் எழுத வேண்டியது வேறு: எத்தனை மணி உட்கார முடியும், எத்தனை பவுண்டு, மாதத்தில் எத்தனை நாள் படுக்கையில், எந்த ஸ்கேனில் என்ன தெரிந்ததால் இப்படிச் சொல்கிறார். மேலே கற்பனை ஆளைச் சொன்னேனே, அவரை உங்களைப் போல ஆக்குவது இந்தக் காகிதம்தான்.

எல்லாம் ஹியரிங்குக்கு 5 வேலை நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும், அல்லது வரப்போகிறது என்றாவது எழுதிச் சொல்ல வேண்டும். ஊரில் எடுத்த சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரியும் கொடுக்கலாம்.

வக்கீலுக்கு எவ்வளவு அழணும்?

ஜெயித்தால் மட்டும், பழைய பாக்கியில் 25 சதவீதம், 2025 கணக்கில் அதிகபட்சம் 9,200 டாலர். நேராக நிர்வாகமே பிடித்துக் கொடுத்துவிடும். மருத்துவக் காகிதம் எடுத்த செலவு தனி. முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

"பார்ஷியலி ஃபேவரபிள்"னு வந்திருக்கு. சந்தோஷப்படவா?

பாதி. முடியாதவர் என்று ஒப்புக்கொண்டு, நீங்கள் சொன்ன தேதிக்குப் பதில் பிந்தைய தேதியிலிருந்து கொடுத்திருப்பார். அந்தத் தேதியிலிருந்து முழுசாக 5 மாதம் கழித்துத்தான் எஸ்எஸ்டிஐ பணம், பணம் தொடங்கி 24 மாதம் கழித்து மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு. ஆக தேதி ஒரு வருஷம் தள்ளினால் மெடிகேரும் தள்ளும். அப்பீல் போகலாம், ஆனால் கவுன்சில் முழுத் தீர்ப்பையும் திறந்து பார்க்கலாம், கிடைத்ததும் போக வாய்ப்பு உண்டு. வக்கீலிடம் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

அவர் காத்திருக்கும்போதே இறந்துட்டா?

2008-லிருந்து 2019 வரை மேல்முறையீட்டு முடிவு வருவதற்குள் 1,09,725 பேர் இறந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே கணக்குக் கொடுத்தது. வழக்கு தானாக முடிந்துவிடாது. எஸ்எஸ்டிஐ என்றால் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் அவருக்குப் பதிலாக வழக்கைத் தொடரலாம். எஸ்எஸ்ஐயில் பெரும்பாலும் கூடவே வாழ்ந்த துணைக்கு மட்டும்தான். ஹியரிங் அலுவலகத்துக்கு உடனே தெரிவித்து, பதிலாள் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஜட்ஜும் மறுத்துட்டார். இனிமே?

கெடு அதே 60 நாள். அப்பீல்ஸ் கவுன்சில் நேரடியாக ஜெயிக்க வைப்பது நூற்றில் ஒன்று என்கிற அளவில்தான். கொஞ்சம் பேருக்குத் திரும்ப விசாரிக்கச் சொல்லி அனுப்பும். அப்படித் திரும்பினால் பெரும்பாலும் அதே நீதிபதியிடம்தான் போகும், கேட்டவுடன் முகம் மாறாதவர்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தத் தடவை அவர் விட்ட தவறு இன்னது என்று மேலிடம் எழுதியே கொடுத்திருக்கும். கவுன்சில் கைவிரித்தால் ஃபெடரல் கோர்ட். அங்கே திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு கவுன்சிலைவிட நல்லது, ஆனால் அந்தப் படிக்கு வழக்காடும் வக்கீல் வேறு.

கவுன்சிலில் வழக்கு இருக்கும்போதே அதே உதவிக்குப் புது விண்ணப்பமும் போட முடியாது, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். எதை விடுவது என்பதற்கு, மேலே காப்பீட்டுக் காலம் பற்றிச் சொன்ன அந்தக் கடைசித் தேதியைப் பாருங்கள். அது தாண்டிவிட்டிருந்தால் பழைய வழக்கை விடாதீர்கள். தாண்டவில்லை, தீர்ப்புக்குப் பிறகு நோய் முற்றியிருக்கிறது, வயதும் 50-ஐயோ 55-ஐயோ தொட்டுவிட்டது என்றால், புது விண்ணப்பத்தைப் பற்றி யோசிக்கலாம்.